சொக்கம்மாள் விலைக்கு வாங்கிய வேலை

உத்திரமேரூரில் நான் நர்சாக இருந்த நர்சிங் ஹோம் இப்போது இல்லை. இடித்துவிட்டு வரிசையாகக் கடைகள் கட்டிவிட்டார்கள். ஆனால் எண்பத்து மூன்றில் அங்கே நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. யாரும் வெட்டிக்கொள்ளவில்லை, யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. அதனாலேயே அதை அக்கிரமம் என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சொக்கம்மாளுக்கு அப்போது நாற்பதுக்குள் இருக்கும். சாலவாக்கத்துப் பக்கம் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். கணவர் தாண்டவராயன் நெல் மூட்டை ஏற்றும்போது வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். நடமாடுவார்; குனிந்து ஒரு வேலை செய்ய முடியாது. நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரைக்கும் சொக்கம்மாள்தான் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். மழை பொய்த்து ஏரி பாளம் பாளமாக வெடித்துப் போன வருஷம், வைக்கோலுக்கு வழியில்லாமல் உழவு மாடுகளை விற்றார்கள். அந்தப் பணம் வீட்டில் இருப்பது தெரிந்த ஒரே வெளி ஆள் தாண்டவராயனின் தம்பி வேதகிரி.

வேதகிரி சில வருஷம் மெட்ராஸில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தான். தோளில் தோல் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. 'சுத்தஜோதி கிளீனிங் சர்வீஸ்' என்ற மெட்ராஸ் கம்பெனிக்கு உத்திரமேரூர் ஏரியாவை எடுத்திருப்பதாகச் சொன்னான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், சைக்கிள் கடை மாடியில் ஒரு ரூம் பிடித்து போர்டும் மாட்டினான். கம்பெனி போய் ஆஸ்பத்திரி, ஆபீஸ், மண்டபம் என்று சுத்தம் செய்யும் இடங்களைப் பிடிக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் 'பார்ட்டி' என்று பெயர். அந்தப் பார்ட்டியை ஊரில் யாராவது ஒருவர் காசு கொடுத்து எடுத்துக்கொண்டு வேலையை நடத்த வேண்டும்.

"அண்ணி, இது வேல இல்ல, பிசினஸ்" என்று அவன் சொன்னதைச் சொக்கம்மாள் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். "ரெண்டு பொம்பளைய வெச்சி வேல வாங்கிக்கினு நீங்க மேல நின்னு பாத்துக்கினா போதும். நீங்க மொதலாளி."

"நான் தொடப்பத்த தொட வாணாமா?"

"நீங்க இன்னாத்துக்குத் தொடணும்? நர்சிங் ஹோமு மாசம் எரநூறு ரூபா குடுக்குது. அந்த எடத்த எடுக்கணும்னா மூணு மாசப் பில்லு, அறநூறு ரூபா, மொதல்ல கட்டணும்."

"அது திரும்பி வருமா?"

"டெபாசிட் இல்ல அண்ணி, கட்டணம். மெட்ராஸுல இதுக்கு ஜனங்க க்யூவுல நிக்கிறாங்க. நம்ம வூட்டு ஆளாச்சேன்னு ஒங்களுக்கு மொதல்ல சொல்றேன்."

தாண்டவராயன் தம்பி சொல்வதைக் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். மாடு விற்ற பணத்தில் அறுநூறு ரூபாய் வேதகிரியின் தோல் பைக்குள் போனது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் நான் பார்த்தது வேறு. நர்சிங் ஹோம் திறந்த நாளிலிருந்து அங்கே பெருக்கித் துடைத்தது செல்லாயி. கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. பிரசவ அறையில் ரத்தம் கழுவுவது, பேஷண்டின் வாந்தி அள்ளுவது, கட்டுத் துணி கொளுத்துவது எல்லாம் அவர்தான். மாசம் தொண்ணூறு ரூபாய். டாக்டரின் மனைவிக்கு ஊசி போடத் தெரியாது. ஆனால் வரவு செலவு எல்லாம் அவர் கையில் என்பதால் நாங்கள் டாக்டரம்மா என்போம். ஒருநாள் சாயங்காலம் அவர் செல்லாயியைக் கூப்பிட்டு, "நாளையிலேந்து நீ வர வேணாம். மெட்ராஸ் கம்பெனிக்கு விட்டுட்டோம்" என்றார்.

செல்லாயி கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்ததைக் கொடியில் போட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நான் இன்னா சிஸ்டர் தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் இல்ல செல்லாயி. கம்பெனியாம்."

"கம்பெனின்னா? பெருக்கறதுக்குக் கூடவா கம்பெனி?"

மறுநாள் சொக்கம்மாள் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வந்தார். கஞ்சி போட்ட புடவை, காலில் செருப்பு. அறை அறையாகச் சுற்றி, இங்கே துடை, அங்கே துடை என்றார். இந்த இடத்தில் நேற்றுவரை யார் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு அவருக்கு அது பெரிதாகப் பட்டிருக்காது. மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றவர்தான்.

முதல் மாசக் கணக்கில் முதல் அடி விழுந்தது. இருநூறு ரூபாய் பில்லில் வேதகிரி ஐம்பதை எடுத்துக்கொண்டான்.

"இது இன்னாபா?"

"ஆபீஸ் சார்ஜ் அண்ணி. பில்லு போடறது, வசூல் பண்றது எல்லாம் கம்பெனிதானே."

இன்னும் இருபதை எடுத்தான். பினாயில், துடைக்கிற மாப்பு எல்லாம் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டுமாம். அதே பினாயில் கடைத்தெருவில் பாதி விலை. கையில் வந்தது நூற்று முப்பது. இரண்டு பெண்களுக்கும் கூலி கொடுத்த பிறகு சொக்கம்மாளுக்கு பஸ் சார்ஜ்கூட நிற்கவில்லை.

"மேல நின்னு பாத்துக்கினா போதும்னியே?"

"கொஞ்ச நாள் நீங்களே செய்ங்க அண்ணி. ரெண்டாவது பார்ட்டி எடுத்தீங்கன்னா ஆள் வெச்சிக்கலாம்."

ரெண்டாவது பார்ட்டிக்கும் முன்பணம் உண்டு என்பதை அவன் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

அடுத்த மாசம் சொக்கம்மாள் தனியாக வந்தார். பிரசவ அறைக்குள் முதல் தடவை வாளியோடு போனவர் வெளியே ஓடி வந்து கிணற்றடியில் வாந்தி எடுத்தார். நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப உள்ளே போனார். ஊரில் சொந்தக்காரர்கள் சும்மா விடவில்லை. ஒரு சீமந்தத்தில் அவர் பந்தி பரிமாற எழுந்தபோது, கையை நன்றாகக் கழுவினாயா என்று ஒரு பெண் கேட்டாளாம். அதைச் சொல்லும்போது சொக்கம்மாளின் முகம் கறுத்துப் போனது. அழவில்லை. "அறநூறு ரூபா போட்டுட்டேன் சிஸ்டர், எடுக்காம வுடமாட்டேன்" என்றார்.

எடுத்தார். மழையில்லாத அந்த வருஷத்தில் விடியற்காலைப் பஸ்ஸில் வந்து, மத்தியானப் பஸ்ஸில் திரும்பி, போட்ட பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்வரை ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. வேலையும் கைவந்துவிட்டது. பிள்ளை பெற்ற பெண்கள் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "இனிமே வர்றது எல்லாம் நம்ம துட்டு" என்று அவர் சொன்ன வாரத்திலேயே வேதகிரி அவர் வீட்டுக்குப் போனான்.

"அண்ணி, ஒரு பேஜார் ஆயிப்போச்சி. பார்ட்டி கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டாங்க. சுத்தம் போதலியாம். கம்பெனி எடத்த வாபஸ் வாங்கிக்கிச்சி."

"யாரு குடுத்தது?"

"டாக்டரம்மாதான்."

"நான் போட்ட துட்டு?"

"கம்ப்ளெய்ண்ட்ல போன எடத்துக்குத் திருப்பித் தர்றதுல்ல. நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்லயே கீது. வேற எடம் வேணும்னா சொல்லுங்க. மில்லு ஆபீஸ் ஒண்ணு வருது, அதுக்கும் மூணு மாசப் பில்லு கட்டணும்."

அன்றிரவு சொக்கம்மாள் சாப்பிடவில்லையாம். பணத்தைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவரை அறுத்தது. சுத்தம் போதலியாம்! வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பப் போய்த் துடைத்தவரிடம் சொன்ன வார்த்தை.

இரண்டு நாள் கழித்து அவருக்கு இன்னொரு சேதி வந்தது. அவர் இடத்தில் இப்போது வேலை செய்வது காலனிச் செல்லாயி. அதையும் சொன்னது வேதகிரிதான். "அவதான் டாக்டரம்மா காதுல ஓதி ஒங்க எடத்தப் புடிச்சிக்கினா" என்று நெருப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்கு வந்தபோது வாசலில் கூச்சல். படியில் சொக்கம்மாள், உள்ளே துடைப்பத்தோடு செல்லாயி.

"எந்த வாயிடி போய் எம்மேல கோள் சொல்லிச்சி? எம் பொயப்புல மண்ணப் போட்டுட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

செல்லாயி எப்போதும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்த்தினார்.

"யாரு பொயப்பும்மா? இது எந்த எடம்னு தெரியுமா ஒனக்கு? இந்தக் கதவு தொறந்த நாள்லேந்து நான் பெருக்கின எடம். ஒரு நயா பைசா குடுக்காம பெருக்கினேன். நீ வந்த, என்னத் தொரத்துனாங்க. இப்ப அதே எடத்துக்கு அறநூறு ரூபா கட்டிட்டு வந்து நிக்கிறேன். ரெண்டு ஆட்ட வித்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டிக் கீறேன். என்னக் கேக்குறியே, யாரு பொயப்புல யாரு மண்ணப் போட்டதுன்னு!"

செல்லாயி பணம் கட்டிய விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். செல்லாயி திரும்பி வந்ததைப் பார்த்து, டாக்டரம்மா மனசு மாறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"யாருகிட்ட கட்டின?" என்றார் சொக்கம்மாள். குரல் இறங்கியிருந்தது.

"பஸ் ஸ்டாண்டாண்ட மாடில, ஒன் கொயுந்தனார்கிட்ட."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். சொக்கம்மாள் அவரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார். "அம்மா, எம்மேல கம்ப்ளெய்ண்ட் குடுத்தீங்களா?"

"நானா? நான் எதுக்குக் குடுக்கறேன்? நீ நல்லாத்தானே பண்ணே. உனக்கு முடியல, நீயே விட்டுட்டேன்னு ஏஜெண்ட் சொன்னாரே."

சொக்கம்மாள் செல்லாயியைப் பார்த்து, "இங்க வா" என்றார். இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள். நானும் போனேன். ஆளுக்கு என்ன வந்தது, என்ன போனது என்று பேசப் பேச, கம்பெனியின் தொழில் எங்களுக்குப் புரிய ஆரம்பித்தது. ஒருத்தி போட்ட பணத்தை எடுத்து முடிக்கிற வரைக்கும் இடத்தை அவளிடம் விட்டு வைப்பது. நாலு காசு பார்க்கப் போகிறாள் என்றதும் ஒரு கம்ப்ளெய்ண்ட். இடம் திரும்ப விற்பனைக்கு வரும். அடுத்தவளிடம் மறுபடி மூன்று மாசப் பில்.

"அவனுங்க பெருக்கறதுக்காகக் கடை தொறக்கல" என்றார் சொக்கம்மாள். "எடத்த விக்கறதுக்குத் தொறந்து கீறானுங்க. ஒரே எடத்த வித்துக்கினே இருப்பானுங்க. இன்னும் ஆறு மாசம் போனா ஒனக்கும் சுத்தம் போதலம்பான்."

செல்லாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். வட்டிக்காரர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அன்றைக்கே இரண்டு பேரும் சைக்கிள் கடை மாடிக்குப் போனார்கள். நான் போகவில்லை, டியூட்டி. ஆனால் கீழே சைக்கிள் கடைக்காரர் ஐசக் அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவே நின்று கேட்டது என்றார் அவர்.

வேதகிரி முதலில் சிரித்தானாம். கம்பெனி ரூல்ஸ் என்றானாம். பிறகு செல்லாயியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அண்ணியிடம் குரலைத் தாழ்த்தியிருக்கிறான்.

"ஒங்க துட்ட மட்டும் எப்பிடியாவது தேத்திக் குடுத்துடறேன். அவளக் கூட்டிக்கினு வந்து எம் மானத்த வாங்காதீங்க. காலனிக்காரிக்காவ சொந்தக் கொயுந்தனார்கிட்ட சண்டைக்கு வர்றீங்களே அண்ணி, நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

அதற்குச் சொக்கம்மாள் போட்ட சத்தம்தான் கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

"அவ உள்ள வரட்டும்! அவ துட்ட மொதல்ல வையி. அவ எடத்தப் புடுங்கி எனக்கு வித்த, அப்பறம் எங்கிட்ட புடுங்கி அவளுக்கே வித்த. திருடிக்கினு போயிருந்தாக்கூட போவுது தம்பின்னு வுட்டிருப்பேன்டா. மொதலாளின்னு சொல்லி என்ன வாளி தூக்க வெச்சியே! சுத்தம் போதலன்னு எங்கிட்டயே வந்து சொன்னியே, அந்த நாக்கு அழுவிப் போவாதா?"

வேதகிரிக்கு அழுகை வந்துவிட்டதாம். கம்பெனிக்கு ஏரியாவை எடுக்க அவனும் ஐயாயிரம் கட்டியிருக்கிறான், மாமனார் வீட்டு நிலத்தை அடமானம் வைத்து. இடங்களை விற்றுக்கொண்டே இருந்தால்தான் அவன் போட்டதை எடுக்க முடியும் என்று மெட்ராஸில் சொல்லித்தான் அனுப்பினார்களாம். "நானும் ஏமாந்தவந்தான் அண்ணி" என்றான்.

"ஏமாந்தது நீ. எங்கள ஏமாத்துனதும் நீதான். அத எந்தக் கம்பெனி மேலயும் போடாத."

கடைத்தெரு ஜனம் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு அவன் தோல் பையில் இருந்ததை எண்ணிச் செல்லாயியிடம் கொடுத்தான். முந்நூறோ என்னவோ. மீதி வருகிற மாசம் என்றான். அந்த மாசம் வரவே இல்லை. சொக்கம்மாளுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அவர் தலையசைத்திருந்தால் முதலில் அவருக்குத்தான் கிடைத்திருக்கும்.

நர்சிங் ஹோமில் அடுத்த பஞ்சாயத்து. இனி கம்பெனி வேண்டாம், செல்லாயியை நேராகவே வைத்துக்கொள்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார். நியாயமானவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே, "பழைய சம்பளம் தொண்ணூறு" என்றார்.

சொக்கம்மாள் கூடவே நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, கம்பெனிக்காரனுக்கு எரநூறு குடுத்தீங்களே?"

"அது கம்பெனி. அவங்க பொறுப்பு எடுத்துக்கிட்டாங்க."

"இன்னா பொறுப்பு? பை மாட்டிக்கினு வந்து பில்லு குடுத்ததா? தொடச்சது நானு, தொடைக்கறது இவ. தோல் பைய பாத்தா எரநூறு, தொடப்பத்த பாத்தா தொண்ணூறா?"

டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. வெளியாள் வந்து பேசுவதா என்றார். அன்றைக்கு நானும் வாய் திறந்தேன். செல்லாயி இல்லாமல் பிரசவ அறையை நான் தொட மாட்டேன் என்றேன். கடைசியில் நூற்றைம்பதில் முடிந்தது. நூற்றைம்பது! இருநூறை மாசாமாசம் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தவருக்கு, இந்த நூற்றைம்பதைக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு வரும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரியும்.

வேதகிரியின் போர்டு சில மாசத்தில் இறங்கியது. கம்பெனி ஏரியாவை அவனிடமிருந்தும் பிடுங்கிவிட்டது; செய்யாற்றுப் பக்கத்து ஆள் ஒருவனுக்கு விற்றதாகப் பேச்சு. பொங்கலுக்கு அவன் அண்ணனுக்கு வேட்டி வாங்கிக்கொண்டு போனான். தாண்டவராயன் வாங்கிக்கொண்டார். தம்பியாயிற்றே, என்ன செய்வது என்றார். சொக்கம்மாள் அந்த வேட்டியைத் துவைக்க மறுத்துவிட்டார். அழுக்கானால் தாண்டவராயனே துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெகு நாள் வரைக்கும் புருஷனிடம் சாப்பாடு போடுவதற்கு மேல் ஒரு பேச்சும் வைத்துக்கொள்ளவில்லை. ஊரார், பாவம் தம்பி, அவனும் நஷ்டப்பட்டவன்தானே, பொம்பளைக்கு இவ்வளவு வீம்பா என்றார்கள். மாட்டை விற்றவளுக்கும் ஆட்டை விற்றவளுக்கும் பாவம் சொல்ல ஒருவரும் இல்லை.

ஏரி நிறைந்த பிறகும் சொக்கம்மாள் இந்த வேலையை விடவில்லை. பெரிய கல்யாண மண்டபத்து மேனேஜரைத் தானே போய்ப் பார்த்து, நடுவில் யாரும் இல்லாமல் பேசி முடித்தார். நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களிடம் சேர்ப்புக் காசு, பினாயில் காசு என்று எதுவும் வாங்கியதில்லை. கை கழுவினாயா என்று கேட்ட அந்தச் சொந்தக்காரப் பெண் வீட்டுக் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான் நடந்ததாம். எச்சில் இலை எடுத்த கூலியைச் சொக்கம்மாள் கறாராக வாங்கிவிட்டுத்தான் நகர்ந்தார் என்று செல்லாயி சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

நான் எண்பத்தேழில் செங்கல்பட்டுக்கு மாறிப் போனேன். போவதற்கு முன் சொல்லிக்கொள்ளலாம் என்று மண்டபத்துக்குப் போனேன். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓய்ந்த நேரம். சொக்கம்மாள் சமையற்கட்டு வாசலில் மண்டபத்து மேனேஜரை மடக்கி நிறுத்தி வைத்திருந்தார். ஒரு பாத்திரம் நசுங்கியதற்காகப் பெண்களின் கூலியில் பிடிக்கப் பார்த்திருக்கிறார் அந்த மேனேஜர்.

"பாத்தரம் நசுங்குனது சமையக்காரன் கையில. அவங்கிட்ட கேக்க பயமா கீதா ஒனக்கு? இவளுங்க கிட்ட புடிக்கறது ஈசின்னு பாத்தியா?"

நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. ஆனால் மேனேஜரின் வழியை விட்டு நகரவில்லை.

"குந்து சிஸ்டர்" என்றார். "இவன் துட்ட எடுத்து வெக்கட்டும், வந்துடறேன்."

ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மேனேஜர் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.